உச்சி வெயிலில் நடந்த அன்புராஜ்

எண்பதைத் தொட்ட பிறகும் ஈர வரப்பில் வழுக்காமல் நடக்கின்ற எங்கள் விழாத் தலைவர், பெருமதிப்பிற்குரிய ஐயா சாமிக்கண்ணு அவர்களே! மேடையை அணி செய்து அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே! கொம்யூன் பஞ்சாயத்திலிருந்து வருகை தந்திருக்கும் அலுவலர்களே! உலையை இறக்கி வைத்துவிட்டு, உறங்கும் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, இந்த மைதானத்து மணலில் வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! கரும்பு வெட்டிக் கன்றிப்போன கரங்களோடு வந்திருக்கும் என் உழைப்பாளிச் சொந்தங்களே! பனித்திட்டிலே படகைக் கரையேற்றிவிட்டுப் பாதி வழி நடந்தே வந்திருக்கும் மீனவ உறவுகளே! பின்வரிசையில் பைக்கின் மேல் சாய்ந்து நிற்கும் இளைய நெஞ்சங்களே! அத்தனை பேருக்கும் இந்தப் புகழ்வேந்தனின் தலை தாழ்ந்த வணக்கம்.

வழக்கமாக, வணக்கம் சொல்லி முடித்ததும் ஒரு வேடிக்கை சொல்வேன். நீங்கள் சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பிலே நான் குளிர் காய்வேன். இருபது ஆண்டுகளாக இந்தப் பொங்கல் மேடையில் நமக்குள் இருக்கும் வழக்கம் அது.

"சொல்லுங்க சார்!" என்கிறார் பின்னாலிருந்து ஒரு தம்பி. இன்று இல்லை தம்பி. என்னை மன்னித்துவிடு.

அழைப்பிதழில் அழகாக அச்சிட்டிருக்கிறார்கள். "எடையைக் குறைப்போம், குறைத்ததைக் காப்போம்: பத்து வழிமுறைகள் தருபவர், தமிழாசிரியர் புகழ்வேந்தன்." பத்து வழிமுறைகளா? என்னிடமா? சட்டையின் மூன்றாவது பொத்தானை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மாட்டுகிறவன் நான். என்னிடம் வழிமுறை இல்லை. ஒரு மனிதனின் கதை இருக்கிறது. அதில் ஒரு குற்றவாளியும் இருக்கிறான். அந்தக் குற்றவாளியைத் தேடி நீங்கள் தொலைவு போக வேண்டாம். ஒலிபெருக்கியின் முன்னால் நிற்கிறான்.

அன்புராஜை உங்களில் அறியாதவர் யார்? மாதா கோயில் தெரு அன்புராஜ். தவளக்குப்பம் சந்திப்பிலே சுமை வண்டி ஓட்டியவன். நாமெல்லாம் "குட்டியானை" என்று கூப்பிடுகிறோமே, அந்தச் சின்ன வண்டி. யார் வீடு மாறினாலும் அவன் வண்டி வரும். யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பந்தல்காரருக்கு முன்னால் அவன் வண்டி நாற்காலிகளை இறக்கியிருக்கும். என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் அமர்ந்தவன். ஊருக்கெல்லாம் நான் ஐயா. அவனுக்கு மட்டும் "டேய் புகழு".

அவன் எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. சர்க்கரையும் இருந்தது. நாங்கள் சொன்னால் கேட்பானா? "உழைக்கிற ஒடம்புடா, கரைஞ்சிடும்" என்பான். சந்திப்புக் கடையில் காலையில் புரோட்டா, பத்து மணிக்கு வடை, பன்னிரண்டு மணிக்குள் நான்கு டீ. ஒவ்வொரு டீயிலும் சர்க்கரை கூடுதலாய்.

ஒருநாள் கடலூர் சாலையில் சைக்கிளில் போன ஓர் அம்மா திடீரென்று குறுக்கே திரும்பிவிட்டார். இவன் வண்டியை வளைத்தான். வளையவில்லை. வயிறு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டது. சைக்கிளுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அந்த அம்மா திட்டிவிட்டுப் போய்விட்டார். இவன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழுதிருக்கிறான். அன்று மாலை என் வீட்டுக்கு வந்தான்.

"டேய் புகழு, இன்னிக்கு ஒருத்திய கொன்னிருப்பேன்டா. என் வயிறு கொன்னிருக்கும். நாளையிலருந்து நடக்கப் போறேன். நீயும் வர்றியா?"

"வர்றேன்டா" என்றேன்.

போனேன். எத்தனை நாள் போனேன் தெரியுமா? பத்தொன்பது நாள். இருபதாம் நாள் மழை. இருபத்தோராம் நாள் ஒரு பட்டிமன்றம். அதற்குப் பிறகு நான் போகவில்லை. அவன் போனான். பாகூர் ஏரிக்கரையிலே, மாதா கோயில் தெருவிலிருந்து மதகு வரைக்கும், மதகிலிருந்து மறுபடி வீடு வரைக்கும், பனி பெய்தாலும் போனான், பாதம் வலித்தாலும் போனான், பார்த்தவர்கள் பரிகசித்தாலும் போனான். புரோட்டாவை விட்டான். டீயில் சர்க்கரையை விட்டான். சோற்றைக் குறைத்துக் கீரையைக் கூட்டினான். பதினான்கு மாதம்! முப்பத்திரண்டு கிலோ குறைத்தான் என் நண்பன்!

கை தட்டுகிறீர்கள். அன்றைக்கும் தட்டினீர்கள். மூன்று பொங்கலுக்கு முன்னால், இதே மைதானத்தில், நான்தான் அவனுக்குப் பொன்னாடை போர்த்தினேன். "மலையைக் கரைத்த மாவீரன்" என்று முழங்கினேன். அவன் படத்தைப் பேனரில் போட்டோம். குறைப்பதற்கு முன்னால், குறைத்த பின்னால் என்று இரண்டு படம். முன்னால் இருந்தவன் ஏதோ ஒரு குற்றவாளி போலவும், பின்னால் இருப்பவன்தான் மனிதன் போலவும் போட்டோம். அந்தப் பேனரை அவன் மனைவி லில்லி எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்! பெருமையில் பார்க்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் சொன்னார், "அந்தப் பழைய படமும் என் புருஷன்தானேண்ணே" என்று.

அன்பார்ந்தவர்களே, குறைப்பதற்கு நாம் பொன்னாடை போர்த்துகிறோம். காப்பதற்கு யார் போர்த்துகிறார்கள்? குறைத்த நாளிலே கூட்டம் கூடுகிறது. அடுத்த ஆண்டு, அதற்கடுத்த ஆண்டு, ஒவ்வொரு பந்தியிலும் ஒருவன் தன் இலையோடு தனியாகப் போராடுகிறானே, அந்தப் போராட்டத்திற்குக் கூட்டம் கூடுகிறதா? கேமரா வருகிறதா? "இன்னும் ஒரு கரண்டி வச்சிக்க அன்பு, அதான் எறங்கிடுச்சே" என்று கரண்டிதான் வந்தது.

நம் பகுதிச் செவிலியர் செல்வகுமாரி அம்மா எனக்குப் பின்னாளில் விளக்கினார். "சார், கொறைச்ச ஒடம்பு பழைய எடைய தேடிக்கினே இருக்கும். பசி முன்ன விட அதிகமா எடுக்கும். அது சோம்பேறித்தனம் இல்ல சார். ஒடம்போட சுபாவம். அதனாலதான் கொறைச்ச பின்னாடியும் கூட ஒருத்தர் வேணும்ன்றோம்." எத்தனை எளிய உண்மை! எனக்கு ஏன் அது முன்பே தெரியவில்லை? தெரிந்துகொள்ள நான் கேட்டேனா?

லில்லிக்குக் கர்ப்பப்பையில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை ஆனது. இரண்டு மாதம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தான் அன்புராஜ். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து பன்னும் டீயும் தின்று பொழுதைக் கழித்தான். சமைக்க ஆளில்லாத வீட்டுக்குக் கடைச் சோறு வாங்கிவந்தான். மனைவி தேறினார். இவன் ஏறினான். ஐந்து கிலோ. பிறகு பத்து. பிறகு பதினெட்டு. ஆனாலும் தாய்மார்களே, இதை நன்றாகக் கேளுங்கள்: எடை ஏறிக்கொண்டிருந்த அந்த நாட்களிலும் அவன் காலை நடையை விடவில்லை. மூட்டு வலியோடு மதகு வரை போய்க்கொண்டுதான் இருந்தான்.

தெரு விட்டதா? "இன்னா அன்பு, பழைய சட்டைங்கள தூக்கிப் போடல இல்ல?" என்றார் ஒருவர். "பொன்னாடைய திருப்பிக் குடுத்துடு" என்றார் இன்னொருவர். எல்லாவற்றுக்கும் சிரித்தான். குண்டானவர்களுக்கு நாம் விட்டு வைத்திருக்கும் ஒரே பதில் சிரிப்புதானே? அவர்கள் சிரித்தால் நல்ல மனுஷன் என்கிறோம். முகம் சுருங்கினால் வேடிக்கை தெரியாதவன் என்கிறோம்.

பிறகு வந்தது போன பொங்கல்.

இதே மேடை. இதே ஒலிபெருக்கி. உங்கள் புகழ்வேந்தன் பேச எழுந்தேன். கூட்டம் கொஞ்சம் சோர்ந்திருந்தது. எழுப்ப ஒரு வேடிக்கை வேண்டும். கண்ணை ஓட்டினேன். மூன்றாம் வரிசையில் லில்லியோடு அமர்ந்திருந்தான் என் நண்பன். நாக்கு நீண்டது. என்ன சொன்னேன்? உங்களுக்கு நினைவிருக்கும். இல்லை என்று தலையாட்ட வேண்டாம் அம்மா, எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. "நம்ம குட்டியானைக்குக் கவலையே இல்லை. அதை ஓட்டுவதற்குப் பெரிய யானையே திரும்பி வந்துவிட்டது!"

மைதானம் அதிர்ந்தது. விசில் பறந்தது. அன்புராஜும் சிரித்தான். எழுந்து நின்று கையை உயர்த்திக் கும்பிடு கூடப் போட்டான். நான் அடுத்த வேடிக்கைக்குப் போய்விட்டேன். உறியடிப் பரிசு கொடுக்கும்போது பார்த்தேன், அவர்கள் இருந்த இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு நொடி வேடிக்கை. ஒரு வாய் வார்த்தை. அதன் எடை எத்தனை கிலோ என்று எந்தத் தராசிலே நிறுப்பேன்?

அதற்குப் பிறகு நான் அவனைச் சந்திக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. சந்தித்தேன். சந்திப்பில் கையசைப்பான். வண்டியை நிறுத்த மாட்டான். வேலை போல என்று நினைத்துக்கொள்வேன். நினைத்துக்கொள்வது எவ்வளவு வசதியாக இருக்கிறது!

மே மாதம், கத்திரி வெயில். ஒரு மணி இருக்கும். ஏரிக்கரையில் ஆடு மேய்க்கும் செங்கமலம் அக்கா, கையை வீசிக்கொண்டு, கத்திக்கொண்டு சாலைக்கு ஓடிவந்திருக்கிறார். மதகின் பக்கத்தில், கட்டாந்தரையில், ஒரு மனிதர் விழுந்து கிடக்கிறார் என்று. ஆம்புலன்ஸ் வந்தது. தண்ணீர் தெளித்தார்கள், விசிறினார்கள், தூக்கிக்கொண்டு போனார்கள். வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. ஐம்பத்திரண்டு வயது. என் அன்புராஜ்.

ஊர் என்ன சொன்னது? "குண்டு ஒடம்பு, தாங்கல" என்றது. நானும் அப்படித்தான் நினைத்தேன். மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டு வந்தேன். ஆனால் ஒரு கேள்வி மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. உச்சி வெயிலில், காக்கையும் நிழல் தேடும் நேரத்தில், இவன் ஏரிக்கரைக்கு ஏன் போனான்?

முப்பது நாள் ஜெபம் முடிந்த மறுவாரம் லில்லியைப் பார்க்கப் போனேன். வாசலில் அவன் வண்டி நின்றது. செங்கமலம் அக்காவும் அங்கே இருந்தார். கேட்டேன்.

 லில்லி சொன்னார்.

"அண்ணே, பொங்கல் அன்னிக்கு வூட்டுக்கு வந்து நல்லாதான் பேசினாரு. மறுநாள் காலைல எழுந்திருக்கல. நடக்கப் போவலியான்னேன். கால் வலின்னாரு. அதுக்கப்புறம் காலைல அவரு நடக்கப் போவவே இல்ல. ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கக்கூட நான்தான் போனேன். அங்க போனா எடை மெஷின்ல ஏத்துவாங்க, நாலு பேரு பாப்பாங்கன்னு அவரு வரமாட்டாரு. ஈஸ்டருக்கு முன்னாடி ஒருநாள், 'லில்லி, மறுபடியும் ஆரம்பிக்கிறேன்டி'ன்னாரு. சந்தோசமா இருந்திச்சி. ஆனா வண்டி ஓட்டம் முடிச்சி பன்னெண்டு மணிக்கு மேல போனாரு. இன்னாங்க இது, இந்த வெயில்ல, காலைல போங்களேன்னு சண்ட போட்டேன். அவரு இன்னா சொன்னாரு தெரியுமா?"

லில்லி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"'காலைல கரை பூரா ஆளுங்க. தோ பார்றா, மறுபடியும் கெளம்பிட்டான்னு சிரிப்பானுங்க. மத்தியானம்தான் ஒருத்தனும் இருக்கமாட்டான். கொஞ்சம் எறங்கட்டும் லில்லி. எறங்கின பின்னாடி காலைல போறேன்.'"

எறங்கின பின்னாடி காலைல போறேன்! என் தாய்மார்களே, என் தோழர்களே! கள்ளச் சரக்குக் கடத்துகிறவன் மறைவான நேரம் பார்ப்பான். திருடப் போகிறவன் ஆளில்லாத பாதை தேடுவான். தன் உடம்பைத் தேற்றிக்கொள்ள நடக்கின்ற ஒருவன், எந்த ஊரிலாவது, ஊர் கண்ணுக்குப் பயந்து உச்சி வெயிலைத் தேர்ந்தெடுப்பானா? நம் ஊரில் தேர்ந்தெடுத்தான். நாம் தேர்ந்தெடுக்க வைத்தோம்.

செங்கமலம் அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நான் பாத்தேன் தம்பி. தெனமும் பாப்பேன். இன்னா தம்பி, இந்த வெயில்லன்னேன். 'அக்கா, யாராண்டயும் சொல்லாத'ன்னாரு. நானும் சொல்லல. தண்ணி மட்டும் குடுப்பேன். அன்னிக்கு ஆடுங்கள அந்தாண்ட ஓட்டிக்கினு போயிட்டேன். நான் சொல்லியிருந்தா யாராவது தடுத்திருப்பாங்க இல்ல?"

அவன் எட்டு வாரம் நடந்திருந்தான். நான்கு கிலோ குறைந்திருந்தது. வண்டிக்குள் காலண்டர் தாளின் பின்புறத்தில் எழுதி வைத்திருந்தான். ஊர் நினைத்தபடி அவன் கைவிட்டுச் சாகவில்லை. மறுபடியும் தொடங்கிய பிறகு, தனியாகத் தொடங்கியதால் செத்தான்.

நான் லில்லியின் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். "என்னாலதாம்மா" என்றேன். அந்த அம்மா இல்லை என்று சொல்லவில்லை. ஆறுதல் சொல்லவில்லை. சொன்னது இதுதான்:

"நீங்க சொன்னீங்க. ஊரு சிரிச்சிது. பக்கத்துல ஒக்காந்துனு நானும்தாண்ணே சிரிச்சேன்."

அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டபிறகு நான் ஏழு மாதம் மேடை ஏறவில்லை. ஏழு ஊர்களிலிருந்து அழைத்தார்கள். மறுத்தேன். தொண்டை சரியில்லை என்றேன். தொண்டை நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் அன்று நான் எழுந்து கிளம்பும்போது லில்லி கேட்டார். "அண்ணே, எனக்கும் பிரஷர் இருக்குது. டாக்டர் நடக்கச் சொல்றாரு. அந்தக் கரைக்குத் தனியா போக என்னால முடியல. காலைல வர்றீங்களா?"

நான் மறுக்க முடியுமா? மறுநாள் காலை ஆறு மணிக்குக் கரையில் மூன்று பேர். லில்லி, செங்கமலம் அக்கா, நான். அவன் விழுந்த இடத்தைக் கடக்கும்போது லில்லி என் பக்கமும் பார்க்கவில்லை, அந்தப் பக்கமும் பார்க்கவில்லை. நடந்தார். நாங்களும் நடந்தோம். ஒரு வாரம் கழித்து ஐந்து பேர். இப்போது இருபத்து மூன்று பேர். அந்தக் குழுவின் கதையைப் பேசத்தான் ஐயா சாமிக்கண்ணு என்னை மல்லுக்கட்டி மேடை ஏற்றியிருக்கிறார்.

எங்கள் குழுவில் எடை பார்க்கும் இயந்திரம் இல்லை. யார் எவ்வளவு குறைத்தார் என்று கேட்பதில்லை. ஏறியிருக்கிறதே என்று சொல்வது அறவே இல்லை. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா என்று கேட்போம். செல்வகுமாரி அம்மாவிடம் மாதம் ஒருமுறை சேர்ந்தே போவோம். ஒருவர் மூன்று நாள் வரவில்லையென்றால் நான்காம் நாள் அத்தனை பேரும் அவர் வீட்டு வாசலில் நிற்போம்.

கரும்பு விவசாயி குழந்தைவேல் அண்ணன் இதோ முன்வரிசையில் இருக்கிறார். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். ஒன்பது கிலோ குறைத்தார். கரும்பு வெட்டு வந்தது, கட்டுப்பாடு போனது, ஆறு கிலோ திரும்பி வந்தது. கரைக்கு வருவதை நிறுத்திவிட்டார். நான்காம் நாள் வாசலில் நின்றோம். கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகப் பேசினார்.

"எல்லாம் ஏறிப்போச்சி. எந்த மூஞ்சிய வச்சிக்கினு வர்றது?"

நான் தமிழாசிரியன். ஆயிரம் மேடை கண்டவன். நான் ஒதுங்கி நின்றேன். லில்லி முன்னால் போனார்.

"இருக்கிற மூஞ்சிய வச்சிக்கினு வாங்கண்ணே. எங்க வூட்டுக்காரரு வேற மூஞ்சி வரட்டும்னு காத்துக்கினு இருந்தாரு. வர்றதுக்குள்ள போயிட்டாரு."

கதவு திறந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் வந்தார் அண்ணன். அன்றிலிருந்து ஒருநாளும் நிற்கவில்லை. எடை குறைந்ததா? கொஞ்சம் குறைந்தது, கொஞ்சம் ஏறியது. அவருடைய சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அவர் காலையில் நடக்கிறார். வெயிலுக்கு முன்னால் வீடு திரும்புகிறார். அவர் மனைவி அவரோடு உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார். எங்களுக்கு அது போதும்.

உறவுகளே! ஊக்கம், ஊக்கம் என்று எல்லோரும் கேட்கிறீர்கள். ஊக்கம் எங்கிருந்து வரும்? சுவரொட்டியிலிருந்தா? செல்போன் வீடியோவிலிருந்தா? என்னைப் போன்றவனின் முழக்கத்திலிருந்தா? மூன்று வாரம் வரும். பிறகு மழை வரும், நோய் வரும், சாவு வரும், கல்யாணம் வரும், அறுவடை வரும். ஊக்கம் ஓடிப்போகும். ஓடிப்போன ஊக்கத்தைத் தேடிக்கொண்டு எங்கும் போகாதீர்கள். வாசலில் வந்து பேர் சொல்லிக் கூப்பிட ஒரு குரல் இருக்கட்டும். உங்களுக்கு ஒரு குரல் இருக்கட்டும். இன்னொருவருக்கு நீங்கள் ஒரு குரலாக இருங்கள். பத்து முறை விழுந்தவர் பதினோராவது முறை எழும்போது, அவரைப் பார்த்துப் பல்லைக் காட்டாத ஊராக இந்த ஊர் இருக்கட்டும்!

போன ஆண்டு ஊர் கேட்கக் கேலி செய்தேன். ஆகவே ஊர் கேட்கவே சொல்ல வேண்டும். அன்புராஜ், நான் சொன்னது தவறுடா. நீ நடந்த பதினான்கு மாதமும் உண்மை. நீ தடுமாறிய இரண்டு வருடமும் உண்மை. நீ ஒளிந்து ஒளிந்து நடந்த எட்டு வாரம் எல்லாவற்றையும் விடப் பெரிய உண்மை. அந்த எட்டு வாரத்தில் ஒருநாள் கூட உன்னோடு நான் இல்லை. என்னை மன்னிக்க நீ இல்லை. லில்லியிடம் மன்னிப்பு கேட்டேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. காலையில் என்னோடு நடக்கிறார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கைத்தட்ட வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

நாளை காலை ஐந்தே முக்காலுக்கு மாதா கோயில் முனையில் நிற்போம். குறைத்தவர்கள் வரலாம். குறைத்துத் தோற்றவர்கள் முதல் வரிசையில் வரலாம். போன வாரம் நிறுத்தியவர்கள், போன வருடம் நிறுத்தியவர்கள், இருபது வருடமாக நாளை நாளை என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள், எல்லோரும் வாருங்கள். வழியில் ஒரு கதவைத் தட்டி ஒருவரை அழைத்துக்கொண்டு வாருங்கள்.

இத்தனை நேரம் வேடிக்கை இல்லாத ஒரு பேச்சைப் பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. வாய் திறக்க மறுத்தவனை வற்புறுத்தி மேடையேற்றிய தலைவர் ஐயாவுக்கு நன்றி. தன் துயரத்தை ஊர் முன்னால் எடுத்துச் சொல்ல எனக்கு உரிமை தந்த என் தங்கை லில்லிக்கு, என் கண்ணீரைத் தவிரக் கொடுக்க என்னிடம் வேறில்லை. தாய்மார்களே, பெரியோர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். விடியற்காலை பனி அதிகமாக இருக்கும், பிள்ளைகளுக்குக் குல்லாய் போட்டுக் கூட்டி வாருங்கள்.